ஆ காட்டுங்கோ மகள்

பிள்ளைகளின் உடைந்த தாடைக்கு வைத்தியம் பார்ப்பது என்பது கால்வாசி வைத்தியம், முக்கால்வாசி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது.

நம்பமாட்டீர்கள். கத்தி, கம்பி, தகடு, ஆணி என்றுதானே நினைத்திருப்பீர்கள்? பெரியவர்களுக்கு அதெல்லாம் உண்டு. பிள்ளைகளின் தாடைக்குள்ளே இனிமேல் முளைக்கப்போகிற பல்லெல்லாம் வரிசையாகக் கிடக்கும். கண்டபடி ஆணி அடிக்க முடியாது. எலும்பும் வளருகிற எலும்பு, பாதியை அதுவே பார்த்துக்கொள்ளும். அது நேராக வளருகிறதா என்று பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகும்வரை திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. கூப்பிட்டால் வரவேண்டுமே! நோவு மாறினவுடன் சனத்தைக் கண்ணிலும் காணக் கிடைக்காது.

யாழ்ப்பாணத்தில் இருபத்திரண்டு வருடமாக இதைச் செய்கிறேன். சனத்துக்கு நான் இன்னும் "பல்லு டொக்டர்"தான். தாடை வேறு, பல் வேறு என்று விளங்கப்படுத்தி வாய் நொந்ததுதான் மிச்சம், இப்போது விட்டுவிட்டேன். ஆனால் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன ஆள் வராமல் வாசல் படலையைப் பார்த்துக்கொண்டிருந்த எவருக்கும் நான் எழுதுவது விளங்கும். நீங்களும் அப்படி ஒருவரென்றால், நாமெல்லாம் ஒரே கூட்டம். வாருங்கள், ஒன்றாக இருந்து கவலைப்படுவோம்.

ஆஸ்பத்திரி அணில்

வியாழக்கிழமைதான் எங்கள் பிள்ளைகள் கிளினிக். அப்படி ஒரு வியாழனில் வந்தவள் கவிஷா. ஆறு வயது, சண்டிலிப்பாய்ப் பிள்ளை. கிணற்றுக்கட்டில் ஏறி நின்று குதித்திருக்கிறாள். கீழே பாசி. வழுக்கி, வாய்க்குக் கீழே நாடி அடிபட விழுந்துவிட்டாள். நாடியில் தையல் போட்டாயிற்று, ஆனால் நாலு நாளாக வாய் திறக்கிறாள் இல்லை என்று தாய் ஜெயந்தி ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

நாடியில் அடிபட்டால் நாங்கள் காதடியைத்தான் முதலில் பார்ப்போம். கீழ்த்தாடை இரண்டு பக்கமும் காதுக்கு முன்னால்தான் கொளுவியிருக்கிறது, கதவுக்குப் பிணைச்சல் மாதிரி. நாடியில் விழுகிற இடி அங்கேதான் போய் உடைக்கும். படம் எடுத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் முறிவு. உள்ளே பார்க்கலாமென்று மெதுவாக விரலை வைத்தேன். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த முன்பல் ஒன்று என் விரலோடு கழன்று வந்துவிட்டது. எனக்கு வேர்த்துப்போயிற்று. அவள் அழவேயில்லை. பல்லைத் தா என்று கையை நீட்டினாள்.

கூரைக்கு மேலே எறிந்து அணிலிடம் புதுப்பல் கேட்கவேண்டுமாம். எங்கள் கட்டடம் மொட்டை மாடி, எங்கே எறிவது? மலர் மிஸி அவளைத் தூக்கிக்கொண்டு போனாள். மலர் மிஸி எங்கள் கிளினிக் நேர்ஸ், என்னைவிட ஐந்து வயது மூப்பு, இந்த ஆஸ்பத்திரியில் என்னை அதட்டக்கூடிய ஒரே ஆள். சைக்கிள் விடுகிற கொட்டகையின் தகரத்தில் பல்லை எறிவித்துவிட்டுக் கொண்டுவந்து கதிரையில் இருத்தினாள். கவிஷாவின் முகத்தில் ஏதோ பெரிய யோசனை. திறக்க முடியாத வாயோடு பல்லுக்கிடையால் கேட்டாள்:

"ஆஸ்பத்திரி அணிலுக்கு எங்கடை வீடு தெரியுமோ?"

நண்டுக்கால்

கவிஷாவுக்கு முதல் பதினாலு நாள், இரண்டு கிழமையும், கஞ்சியும் பாலில் ஊறவைத்த இடியப்பமும்தான். அதே நாட்களில் கொழும்புத்துறையிலிருந்து டிலக்சன் என்று ஒருவன் வந்துகொண்டிருந்தான். எட்டு வயது. தகப்பன் கடற்றொழில். வள்ளத்தில் இருந்து துள்ளிப் பாய்ந்து கீழ்த்தாடையை நடுவில் முறித்துக்கொண்டவன். இந்த வயதில் பாதிப் பல் ஆடும், பாதிப் பல் முளைக்கும். கம்பி கட்டலாமென்றால் பிடிமானம் இருக்காது. அதனால் கீழ்ப்பல் வரிசைக்கு மேலே பிளாஸ்ரிக் தகடு ஒன்று செய்து கவிழ்த்து இறுக்கிவிட்டோம். மூன்று கிழமைக்கு எதையும் கடிக்கக்கூடாது.

பிள்ளைகளுக்கு இந்தக் கட்டத்தில் வருகிற ஆசைகள் எல்லாம் கடிக்கிற சாமானில்தான். வீட்டில் இருக்கும்போது திரும்பிப் பார்க்காத, அவித்துக் காயவைத்த பனங்கிழங்குப் புழுக்கொடியலைக் கனவில் காணுவார்கள். முறுக்கு விற்கிறவரின் மணிச்சத்தம் கேட்டால் கண் கலங்கும். டிலக்சனுக்கு நண்டு. தகப்பன் பிடித்துவருகிற வீட்டில் நண்டைக் காணாமல் எப்படி இருப்பது? பிள்ளை தின்னமுடியாமல் இருக்கும்போது நாங்கள் தின்னுவதா என்று தாய் நண்டுக் கறியே காய்ச்சாமல் இருந்திருக்கிறாள். இவன் விடவில்லை, காய்ச்சத்தான் வேண்டும் என்று அடம். காய்ச்சி முடிந்ததும் தாய்க்குப் பக்கத்தில் கஞ்சிக் கோப்பையோடு வந்து குந்தினானாம். அவன் அப்போது சொன்னதை அந்தத் தாய் சிரித்துச் சிரித்துத்தான் என்னிடம் சொன்னாள். எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை:

"அம்மா, நீங்கள் காலைக் கடியுங்கோ. நான் சத்தத்தைக் கேக்கிறன்."

ஒன்றரை விரல்

இரண்டு கிழமைக் கஞ்சி முடிந்தால் கவிஷாவின் வைத்தியம் தலைகீழாக மாறும். அதுவரை ஆட்டாதே என்றவர்கள், இனி ஆட்டு என்போம். கை முறிந்தால் கட்டித் தொங்கவிட்டு ஆறவிடுவார்கள். காதடியில் முறிந்த தாடையை ஆறவிட்டால் எலும்போடு எலும்பு ஒட்டி வாய் பூட்டிவிடும். பிறகு நாடியும் வளராது. அதனால் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முதல் பத்துத்தரம் வாயைப் பெரிதாகத் திறக்கவேண்டும். திறக்கமாட்டேன் என்றால் தாய் விரல் வைத்து மெல்ல விரிக்கவேண்டும். பிள்ளையின் சொந்த விரல் மூன்று, ஒன்றுக்கு மேல் ஒன்றாக முன்பல்லுக்கிடையில் போனால் வெற்றி. நோகும். கட்டாயம் நோகும்.

ஆறாம் கிழமை வந்தார்கள். "ஆ காட்டுங்கோ மகள்" என்றேன். ஒன்றரை விரல். பயிற்சி செய்தீர்களா என்று ஜெயந்தியைக் கேட்டேன். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "அழுறாள் டொக்டர். பாவமாக் கிடக்கு" என்றாள். என் புத்தி எங்கே போயிற்றோ தெரியாது. அன்று கிளினிக் நிறையச் சனம், நான் காலையிலிருந்து தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. இதெல்லாம் சாட்டு என்று எனக்கே தெரியும். "பாவமோ? பத்து வயசிலை வாய் பூட்டிக்கொண்டு, நாடி இல்லாமல் குருவிக்குஞ்சு மாதிரி நிப்பாள், அண்டைக்குப் பாருங்கோ பாவம்! பிள்ளையிலை பாசமெண்டு சொல்லிப் பிள்ளையின்ரை வாயைப் பூட்டுறியள். இதைவிட ஒரு தாய் என்ன கெடுதல் செய்யலாம்?" என்று, வெளியே இருந்த சனமெல்லாம் திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

நான் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். கவிஷா தாயின் சட்டை நுனியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜெயந்தி அழவில்லை. கிளினிக் கொப்பியை மடித்துப் பைக்குள் வைத்தாள். வாசலில் நின்று திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"விளங்குது டொக்டர். கைதான் போகுதில்லை."

வராத வியாழன்கள்

அடுத்த வியாழன் அவர்கள் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. மழை என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் ஏதும் விழா என்று நினைத்தேன். மனிசர் தங்கள் பிழையை மறைக்க எத்தனை காரணம் கண்டுபிடிப்பார்கள் என்பதற்கு அளவே இல்லை. நாலாவது வியாழன் போன் எடுத்தேன். மணி போகிறது, எடுக்கிறார்கள் இல்லை. பின்னேரம் எடுத்தேன், மறுநாள் எடுத்தேன். ஆஸ்பத்திரிப் போனிலிருந்து எடுத்தேன், என் போனிலிருந்தும் எடுத்தேன். ஒரு மறுமொழியும் இல்லை.

பிறகு வந்த வருத்தம்தான் சொல்ல முடியாதது. ஸ்கூட்டி சத்தம் கேட்டால் கழுத்து தானாக நீளும். ஆறு வயசுப் பிள்ளை எது வந்தாலும் முதலில் நாடியைப் பார்ப்பேன், தையல் அடையாளம் இருக்கிறதா என்று. தேத்தண்ணி குடிக்கிற சாட்டில் வாசலுக்குப் போய் நிற்பேன். ஒவ்வொரு கிழமையும் அந்த எலும்பு ஒட்டிக்கொண்டு வருவது எனக்குத் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியும். வைத்தியத்துக்காக மட்டும்தான் தேடினேன் என்றும் பொய் சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளையைக் காணவேண்டும் போல இருந்தது. அதன் குரலைக் கேட்கவேண்டும் போல இருந்தது.

மலர் மிஸி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சண்டிலிப்பாய்ப் பக்கத்தில் வீடுவீடாகப் போய்ப் பார்க்கிற குடும்பநல மாதுவிடம் சொல்லி விசாரிக்கச் செய்ததும் அவள்தான். வீடு பகலில் பூட்டித்தான் கிடக்கிறதாம், ஆட்கள் தோட்டத்தில் நிற்பார்களாம். அவ்வளவுதான் தகவல். நான் இன்னொருமுறை போனைத் தூக்க, மிஸி பஞ்சை வெட்டிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னாள்:

"மெல்பேணிலை இருக்கிற மகனுக்குக்கூட நீங்கள் இத்தினை தரம் எடுத்திருக்கமாட்டியள். அண்டைக்கு அந்தத் தாயை ஏசேக்கை ஒருக்கால் யோசிச்சிருந்தால் இவ்வளவும் வந்திராது, டொக்டர்."

கதைக்கிற எலும்பு

அந்த நாட்களில் அச்சுவேலிப் பக்கத்திலிருந்து ஒரு நாட்டு முறிவு வைத்தியர் வந்தார். பரியாரியார் என்றால் பரியாரியார்தான்: வெள்ளை வேட்டி, தோளில் சால்வை, நெற்றி நிறைய விபூதி. கை கால் முறிந்தால் எங்களிடம் வராமல் இவரிடம் போகிற சனம் இங்கே இன்னும் ஏராளம். அவரை வாசலில் கண்டவுடன் எழும்பிவிட்டேன். ஜெயந்தி பிள்ளையை இவரிடம் கொண்டுபோயிருப்பாள், இவர் எண்ணெய் பூசித் தாடையை இறுக்கிக் கட்டியிருப்பார், இப்போது கைவிட்டுப்போய் என்னிடம் கூட்டிவருகிறார் என்று ஒரு முழுக்கதையையும் நொடியில் கட்டிவிட்டேன்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது அவருடைய பேரனை. ஐந்து வயது. சைக்கிள் பாரிலிருந்து விழுந்து காதடியில் முறிவு, ஒரு பக்கம் மட்டும். படம் பார்த்து, பயிற்சி சொல்லிக் கொடுத்து, கொப்பியில் எழுதி முடித்தபிறகு அடக்கமாட்டாமல் கேட்டேன், நாடியில் தையல் போட்ட ஒரு சண்டிலிப்பாய்ப் பிள்ளை உங்களிடம் வந்ததா என்று. இல்லை என்று தலையாட்டினார். எனக்குப் பெரிய ஏமாற்றம். வந்திருந்தால், பிழையாகக் கட்டியிருந்தாலும் பரவாயில்லை, எங்கே இருக்கிறாள் என்றாவது தெரிந்திருக்குமே. அந்தக் கோபத்தை எங்காவது கொட்டவேண்டுமே, "ஊருக்கெல்லாம் முறிவு பாக்கிறனீங்கள், சொந்தப் பேரனுக்கு மட்டும் ஏன் என்னட்டை வந்தனீங்கள்?" என்றேன். அவர் கோபிக்கவில்லை. பேரனின் கன்னத்தைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"கை காலெண்டால் கட்டிப்போட்டு, பேசாமல் கிட எண்டு சொல்லிப்போடுவன். உது கதைக்கிற எலும்பு, டொக்டர். கட்டினால் கோவிச்சுக்கொண்டு போயிடும்."

பதினெட்டு வயதுவரை

பிறகு அனுஷ்கா. ஏழு வயது, இரண்டு வருடமாக ஒழுங்காக வந்த பிள்ளை, நாடி வடிவாக வளர்ந்துகொண்டு வந்தது. ஒருநாள் தாயும் மகளும் புதுச்சட்டையோடு வந்தார்கள். தகப்பனிடம் கனடாவுக்குப் போகிறார்களாம், அங்குள்ள டொக்டருக்கு ஒரு கடிதம் வேண்டுமாம். சந்தோசமான செய்திதானே? ஆனால் எழுத இருந்தால் கை ஓடவில்லை. பேர் தெரியாத, முகம் தெரியாத ஒருவருக்கு, இந்தப் பிள்ளையின் நாடியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதுகிறேன். வலது பக்கம் கொஞ்சம் பிந்தித்தான் வளரும், பயப்படவேண்டாம் என்று எழுதினேன். சாப்பிட முதல் பாட்டுப் பாடினால் வாயை நன்றாகத் திறப்பாள் என்றும் எழுதினேன். அதை ஆங்கிலத்தில் வாசிக்கிற அந்த டொக்டர் என்னை விசர் பிடித்தவள் என்று நினைத்தாலும் நினைக்கட்டும்.

கடிதத்தை மடித்துக் கொடுத்து, "ஆறு மாசத்துக்கு ஒருக்கால் கட்டாயம் காட்டவேணும், பதினெட்டு வயசு மட்டும் விடக்கூடாது" என்று தாயிடம் சொன்னேன். அனுஷ்கா இதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். யார் பார்ப்பது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை போல:

"அப்ப நீங்களும் எங்களோடை வாறியளோ?"

தண்ணி காணும்

அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தக் கேள்விதான். கனடாவுக்குப் போகமுடியாது, சரி. சண்டிலிப்பாய்க்குமா போகமுடியாது? பிள்ளை வரவில்லை, பிள்ளை வரவில்லை என்று இரண்டு மாதமாக வாசலைப் பார்த்தவள், அந்த வாசலைத் தாண்டி ஒருதரம் வெளியே போக யோசித்தேனா? டொக்டர் என்றால் மற்றவர்கள்தான் தேடிவரவேண்டும் என்ற நினைப்பு. வேறென்ன?

சனிக்கிழமை காலை ஸ்கூட்டியை எடுத்தேன். குடும்பநல மாது சொன்ன ஒழுங்கை, சொன்ன வீடு, சொன்னமாதிரியே பூட்டு. பின்னால் புகையிலைத் தோட்டம். வேலியோரத்தில் நின்று, இஞ்சாலைப் பக்கம் ஒரு அலுவலாக வந்தனான் என்று சொல்லுவோமா, வெங்காயம் வாங்க வந்தனான் என்று சொல்லுவோமா என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது இறைப்பு மெசினின் இரைச்சலுக்கு மேலால் ஒரு சத்தம் வந்தது.

"மாமாஆஆ! தண்ணி காணும்! நிப்பாட்டுங்கோஓஓ!"

தோட்டத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கிணறும் மெசினும் ஒரு தலைப்பில், பாத்தி மறுதலைப்பில். பாத்தி நிறைந்தால், தண்ணி போதும் என்று மெசினடியில் நிற்கிறவருக்குக் கேட்கிறமாதிரி ஒருவர் கூப்பிடவேண்டும். வரம்பில் நின்று கூப்பிட்டது கவிஷா. இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் வைத்து, தொண்டை தெரிய வாயைத் திறந்து கூப்பிட்டாள். மெசின் நிற்கவில்லை. திரும்பவும் கூப்பிட்டாள், முன்னதைவிடப் பெரிதாக. மூன்றாம் தரம் கூப்பிட்ட பிறகுதான் நின்றது. அந்த அமைதியில் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கத்தை விட்டுத்தான் எழுதுகிறேன்.

ஜெயந்தி மண்வெட்டியோடு நிமிர்ந்தவள், என்னைக் கண்டு அப்படியே விறைத்துப்போனாள். நான் ஒத்திகை பார்த்த பொய் ஒன்றும் வாயில் வரவில்லை. "பிள்ளையைப் பாக்கத்தான் வந்தனான். அண்டைக்குக் கத்தினது என்ரை பிழை" என்றேன். அவள் ஈரக்கையைச் சட்டையில் துடைத்தாள்.

"வாய்க்குள்ளை கை வைச்சு விரிக்க என்னாலை ஏலாது டொக்டர், அவள் அழுதால் நானும் அழுதுபோடுவன். மெசினடிக்குக் கேக்கவேணுமெண்டால் வாயை முழுக்கத் திறக்கத்தானே வேணும்? அதாலை கூப்பிடுற வேலையை அவளிட்டைக் குடுத்தன். மூண்டுதரம் கூப்பிடுமட்டும் காது கேளாத மாதிரி நில்லுங்கோ எண்டு அண்ணைக்கும் சொல்லி வைச்சிருக்கிறன். தண்ணி வீணாப் போகுதெண்டு அவருக்குக் கோபம்தான்."

இருபத்திரண்டு வருடத்தில் எனக்கு இப்படி ஒரு யோசனை வந்ததில்லை. ஏன் போன் எடுக்கவில்லை என்று கேட்டேன். ஆஸ்பத்திரி நம்பரைக் கண்டாலே நெஞ்சு இடிக்குமாம். ஏன் கிளினிக்குக்கு வரவில்லை? "மூண்டு விரலும் போனாப் பிறகு வந்து காட்டுவம் எண்டு இருந்தனாங்கள்" என்றாள். கேட்டீர்களா கதையை? சுகமான பிறகு டொக்டரிடம் போவது என்பது எங்கள் சனத்துக்கு மட்டும்தான் வரும். நான் அவர்களை எதிர்பார்த்திருக்க, அவர்கள் அந்த மூன்றாவது விரலை எதிர்பார்த்திருந்திருக்கிறார்கள். முன்பென்றால் இதற்கும் ஏசியிருப்பேன்.

கவிஷா வந்தாள். ஆ காட்டச் சொன்னேன். சேற்று விரலைக் கழுவி, தானே வைத்துக் காட்டினாள்: இரண்டரை. நாடி ஒரு நூல் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. பூட்டு விழவில்லை, காலமும் பிந்தவில்லை. ஆனால் இனி ஒருநாளும் விடாமல் பார்க்கவேண்டும். "வியாழக்கிழமை கிளினிக்குக்கு வருவீங்களோ மகள்?" என்று கேட்டேன். என் குரலில் அப்படி ஒரு கெஞ்சலை நானே கேட்டதில்லை. கவிஷா நிமிர்ந்தாள். தாயின் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், பிறகு சொன்னாள்:

"நீங்கள் அம்மாவோடை மெல்லமாக் கதைச்சால் வருவன்."

அந்த நாடி வளர்ந்து முடிய இன்னும் பன்னிரண்டு வருடம், என் பென்சனுக்கு எட்டு வருடம்; ஆகவே கடைசி நாலு வருடமும் வியாழக்கிழமைகளில் கிளினிக் வாசல் வாங்குப் பலகையில், ஜெயந்திக்குப் பக்கத்தில், நம்பர் துண்டோடு, மெல்லமாகக் கதைத்துக்கொண்டு குந்தியிருக்கப்போவது நான்தான்.